கபன் சுற்றிய முட்டி

மயானத்துப் பின்வாசலில் மழை விட்ட பிறகும் கூரைத் தகரம் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே ஹிதாயா நிற்கிறாள், கக்கத்தில் மடித்த கபன் துணியோடு. வாப்பாவைக் குளிப்பாட்டி, இதில் பொதிந்து மண்ணில் அடக்கியிருக்க வேண்டும். கொரோனாவில் போனவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, காலையில் எரித்தாயிற்று. தம்பிமார் தனிமைப்படுத்தல் முகாமில். கூட வந்திருப்பவள் பாமன்கடைப் பகுதியில் அடுத்த வீட்டுச் சுபோதினி மட்டும்; தன் கணவனின் சாம்பலை வெள்ளவத்தைக் கடலில் கரைத்தவள். கையுறை போட்ட ஊழியன் சாம்பல் நிறைந்த சிறிய மண்முட்டியொன்றை நீட்டுகிறான். "கன்ன, அக்கே" என்று சிங்களத்தில் மெல்ல வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். ஹிதாயாவின் கை எழவில்லை. "சாம்பலுக்கு எங்கட மார்க்கத்துல ஒரு வழியும் இல்லியே. இத வெச்சி நான் என்னத்த செய்ற, சுபோ? உனக்குத்தானே தெரியும், சொல்லு." சுபோதினிக்குத் தெரிந்ததெல்லாம் பூவும் பாலும் கடலும்தான். முட்டியைத் தானே கைநீட்டி வாங்கிக்கொள்கிறாள். ஹிதாயா துணியை உதறி, முட்டியில் விரல் படாமல் சுபோதினியின் கைகளையும் சேர்த்துச் சுற்றுகிறாள். முழு ஆளுக்கென்று வெட்டிய துணி. சுற்றச் சுற்ற முடியவில்லை. வெள்ளை பெருத்துக்கொண்டே போகிறது, முனை ஈரத் தரையில் இழுபடுகிறது. கடைசிச் சுற்றில் ஹிதாயா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கிறாள்: "இன்னும் சுடுதா?" துணிக்குள்ளே சுபோதினியின் உள்ளங்கைகள் எரிகின்றன. "இல்லையடி, நல்லாக் குளிர்ந்திட்டுது" என்கிறாள், பிடியைத் தளர்த்தாமல்.