திருட்டுக் கார்டு

வெளியூரில் சந்தேகப்படும்படி தேய்க்கப்படும் கிரெடிட் கார்டுகளை நிறுத்துவதுதான் வங்கியில் அவன் வேலை. அன்று மத்தியானம் அவன் திரையில் சிவப்பாக மின்னியது, சாட்சாத் அவன் மனைவியின் கார்டு! எங்கோ மலைமேல் இருக்கும் ஒரு ஹோட்டலில் அறை வாடகை.

அவளோ நேற்றிலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். அவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் கார்டை நிறுத்தினான்.

"மேனேஜர் லீவுல போன அன்னிக்குப் போய் இவ்வளவு சுறுசுறுப்பா?" என்று பக்கத்து ஸீட்காரர் சிரித்தார்.

பெருமை தாங்காமல் மனைவிக்குப் போன் போட்டான்.

"எவனோ திருட்டுப்பய உன் கார்டு நம்பரை வெச்சு ஹோட்டல்ல ரூம் போடப் பாத்தான். விடுவேனா நான்? நிறுத்திட்டேன்!"



"நல்ல வேளைங்க... அம்மா கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று சட்டென்று வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிஷமே திரை மறுபடி சிவந்தது. அதே ஹோட்டல், அதே தொகை, கார்டு மட்டும் வேறு. திருட்டு முயற்சி நடந்த இடம் என்பதால், கார்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணத்தை விடக்கூடாது.

பெயரைப் பார்த்தான். மறுபடி ஒருமுறை படித்தான். ஆனாலும் விதிப்படி கூப்பிட்டான்.

"சார், உங்க கார்டை ஒரு ஹோட்டல்ல தேய்ச்சிருக்காங்க. நீங்கதானா?"

"அட, நீயா! நான்தான்ப்பா" என்றார் மேனேஜர் அவசரமாக. "குடும்பத்தோட வந்திருக்கேன். சீக்கிரம் விடு."

"யார் குடும்பத்தோட, சார்?" என்று கேட்டான் அவன்.