வெள்ளிக்கிழமை உடைசல்

அவர் வரிசையில் கடைசியாக வந்து நின்றார்.

மாலையைக் கழற்றியிருந்தார். சட்டையில் இரண்டு ரோஜா இதழ்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கையில் மஞ்சள் பை.

பதினெட்டு வருஷம் இந்த பிஸ்கட் கம்பெனியின் தலைவர். பதவி முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்கேட் ஜன்னல் முன்னால் நிற்கிறார்.

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த ஜன்னல் திறக்கும். உடைந்த பிஸ்கட், கால் விலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் வீதிப் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்க அதுதான்.

இன்று நாலே கால். திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணமும் அவர்தான்.

விடைபெறும் பேச்சை மைக்கில் பேசினால் மதில் சுவர் என்ன காதைப் பொத்திக்கொள்ளுமா? முழுக்கக் கேட்டோம். ஆறு வகை நாற்பது வகையானது. சரக்கு கப்பலேறியது. ஒரு நாள் முழுக்கச் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த கதைக்கு அவரே முதலில் சிரித்தார். மனுஷன் சந்தோஷமாகத்தான் பேசினார்.

அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறியது.

"புது மெஷின் வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஆயிரத்துல ஒண்ணுகூட உடையறதில்ல!"

உள்ளே கைதட்டல்.

வெளியே, வரிசையில் நின்ற பவுனாத்தா தலையில் கை வைத்தாள். "கெடுத்தாரு போ! புது அம்மிணி பக்கத்துலயே உக்காந்திருக்கறப்பவா?"

அவர் நாற்காலிக்கு வந்திருக்கும் அம்மாள் சென்னைக்காரர். ரொம்பக் கறார் என்று கேள்வி. ஒன்றுமே உடையாத இடத்தில் வாராவாரம் நாற்பது கிலோ உடைசல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

எங்கிருந்து என்று எங்களுக்குத் தெரியும். முழு பிஸ்கட்டைக் கால் விலைக்கு விற்றால் ஏஜென்டுகள் சும்மா இருப்பார்களா? ஆகவே வெள்ளிதோறும் மூன்று மணிக்கு அவர் பேக்கிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெள்ளிக்கிழமைச் சட்டையில் மட்டும் மணிக்கட்டு வரை பிஸ்கட் தூள் என்று சலவைக்கடை அர்த்தநாரி சொல்லாத வீடில்லை.

பவுனாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங் சார், ஒண்ணுமே ஒடையறதில்லீன்னு ஊருக்கே சொல்லிப்போட்டு, பையத் தூக்கிட்டு எதுக்குங் நிக்கறீங்க?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார், காது சிவக்க.

"அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி அவங்க இஷ்டம்."

அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. எங்களோடு சேர்ந்து ஜன்னலையே பார்த்தார். உத்தரவு போட்டே பழகியவர். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

நாலரை.

உள்ளே 'படக்' என்றது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இன்னொன்று.

ஜன்னல் திறந்தது. ஒவ்வொரு பையாக நிறைந்தது. மெதுவாகத்தான் நிறைந்தது.

அவர் முறை வருவதற்குள் பவுனாத்தாவின் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். சரிபாதி. இன்னொன்று. அதுவும் சரிபாதி. பை முழுக்க, அளவுகோல் வைத்தாற்போல, சரிபாதி.

பவுனாத்தா ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"பழகப் பழக வந்துருமுங் அம்மிணி!"

சத்தம் நின்றுவிட்டது.

வரிசை மொத்தமும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தது. அவரும்தான்.

பிறகு, 'படக்'.

இந்த முறை நல்ல கோணலாகக் கேட்டது.