ஒடுக்கு

“அத்தா, இப்படி அடிச்சா வண்டிக்கு வலிக்காதா?” என்று ஒருமுறை கேட்டாள் கைனாத். அப்போது அவளுக்கு மூன்று வயது.

“வலி போறதுக்குத்தாம்மா அடிக்கிறேன்” என்றான் முனீர்.

மகளைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான். நாளடைவில் அவனே அதை நம்பிவிட்டான். முடிச்சூர் சாலையில் சின்ன டிங்கரிங் கடை அவனுடையது. நசுங்கிப்போன தகட்டை உள்பக்கமிருந்து தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்து, அதன் பழைய முகத்தைத் திருப்பிக் கொடுப்பதில் ஏதோ ஒரு நன்மை இருப்பதாக மனதார எண்ணினான்.

இன்று காலை அக்தர் ஷேர் ஆட்டோவைத் தெருவில் நிறுத்தாமல் கடைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். அக்தர், முனீரின் மனைவி ஹஃபீசாவுக்குத் தம்பி. வண்டி முனீர் பெயரில் வாங்கியது, ஓட்டுவது அக்தர். இடது பக்கத் தகடு நன்றாக உள்வாங்கியிருந்தது.

“மாட்டு மேல இடிச்சிட்டேன் மச்சான். சீக்கிரம் ஒடுக்கு எடுத்துக் குடுத்துடு.”

முனீர் குனிந்து பார்த்தான். பள்ளத்தின் மடிப்பில் சில மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின.

“மாடு இன்னாடா, மீன் வித்துகினு வந்துச்சா?”

அக்தர் சிரிக்கவில்லை.

முனீர் மறுபடி கேட்கவுமில்லை. செதில்களை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

தகடு நிமிர்ந்துவிட்டது. பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது சாயங்காலம்தான் என்றதும் அக்தர் வீட்டுக்குப் போய்விட்டான். முனீர் டீக்கடைக்குப் போனான். அங்கேதான் சேதி காத்திருந்தது. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அங்காளம்மாளை விடியற்காலையில் ஏதோ வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். கால் முறிந்து குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம்.

டீ கையிலேயே ஆறிப்போனது.

அந்தப் பெருமழை வருடத்தில், இடுப்பளவுத் தண்ணீர் தெருவில் ஓடியபோது, காய்ச்சலில் கிடந்த ஹஃபீசாவை முனீர் தோளில் சாய்த்துக்கொண்டான். கைக்குழந்தையை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றான். அங்காளம்மாள்தான் தன் அலுமினியக் கூடையில் துணியை மடித்துப் போட்டு, அதில் கைனாத்தைக் கிடத்தித் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் மாடிவரை நடந்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதற்கு ஈடாக என்ன செய்வதென்று முனீருக்கும் தெரிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் ஜோதிலட்சுமி அழுத கண்ணோடு அவனிடம் முறையிட்டாள். “போலீசாண்ட வண்டி இடிச்சிச்சுன்னு ஒரு வார்த்த சொல்லும்மா, கேஸு போட்டாத்தான் இன்ஷூரன்ஸ் வரும்னா கேக்கவே மாட்டேங்குதுண்ணா. இனிமே எப்படிக் கூடை தூக்கும்?”

மாத்திரை வாங்க அவள் வெளியே போனதும், அங்காளம்மாள் முனீரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“போலீசாண்ட வழுக்கி வுய்ந்துட்டேன்னு சொல்லிட்டேன், நீ பயப்படாத. பின்னாடி பாப்பா பேரு எய்தியிருந்துச்சு, பாத்தேன். அந்த வண்டியப் போயி ஸ்டேஷன்ல நிக்க வெப்பேனா?”

ஆமாம். வண்டி வாங்கிய அன்று, அக்கா மகள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்து, பெயின்டரை அழைத்துவந்தவன் அக்தர்.

முனீரின் கண் கட்டுப்போட்ட காலைவிட்டு நகரவில்லை. உன்மேல் மோதிய தடயத்தை நானே என் கையால் அழித்துவிட்டு வந்து நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவளோ அவன் கையைத் தட்டிக்கொடுத்து, பாப்பா சாப்பிடுகிறாளா என்று விசாரித்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

திரும்பும் வழியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலுக்குள் போனான். தொழுமுன் கைகால் கழுவி ஒளூ செய்யத் தண்ணீரில் கையை நீட்டியவன், செதில் கிள்ளிய நகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். இந்தக் கையோடு யார் முன்னால் போய் நிற்பது?

இனி அவன் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். அடிபட்டவளே வழுக்கியது என்று சொல்லிவிட்டாள். தகடும் நிமிர்ந்துவிட்டது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் அக்தருக்கு நிக்காஹ். ஹஃபீசா தம்பி கல்யாணத்துக்காகப் பட்டுச்சேலை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். போலீசில் சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், கூடை தூக்க முடியாதவள் காலம் முழுவதும் எப்படிச் சாப்பிடுவாள்?

கடைக்கு வந்தான். தெருவே தொழுகைக்குப் போயிருந்தது. பட்டி டப்பாவைத் திறக்கவில்லை.

வழவழவென்று இருக்கும் தகட்டைக் காட்டி, ‘இந்த வண்டிதான் இடித்தது, இடித்ததை நான்தான் மறைத்தேன்’ என்றால் ஸ்டேஷனில் யார் நம்புவார்கள்? வழுக்கி விழுந்தேன் என்று அவளே சொல்லியிருக்க, போய்யா என்று துரத்திவிடுவார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கினான்.

தொழில் கற்ற நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். தாங்குகட்டையை உள்பக்கம் வைத்தான். சுத்தியலை வெளிப்பக்கமிருந்து ஓங்கினான். பள்ளம் எங்கே தொடங்கியது, எவ்வளவு ஆழம், எங்கே மடிந்தது என்பதெல்லாம் கைக்கு நினைவிருந்தது. காலையில் எடுத்த ஒடுக்கை, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.

பிறகு வண்டியை வெளியே எடுத்து, ஸ்டேஷன் இருக்கும் பக்கம் திருப்பினான்.