ஜூன் பதினொன்று

கம்ப்யூட்டரின் மூலையில் மறுபடியும் ஜூன் 11, 2006 என்று இருந்தது. வெளியே செப்டம்பர் முடியப் போகிறது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக இந்த வீட்டுக்கு வந்திருக்கும் மெக்கானிக் லியோனார்ட் குனிந்து அதை இன்னொரு தடவை படித்தான்.

"பேட்டரி புதுசுக்கா. போன வாரம் நானேதான் மாத்துனேன். தேதி தானா பின்னால போவ சான்ஸே இல்ல."

"நான்தான் சொல்லினே கீறேனே, அறிவு வந்து மாத்திட்டுப் போறான்னு," என்றாள் ரமாபாய். "எம்புள்ள செத்தது பன்னெண்டாந்தேதி. அதுக்கு மொத நாளுல வந்து நிக்கிது பாரு."

சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அறிவின் படம் இருந்தது. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பையன். லியோனார்ட் அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டான். கல்மண்டபத்தில் கடை போட்டு ஆறு வருஷமாகிறது, வைரஸ் பிடித்த மெஷின் ஆயிரம் பார்த்திருக்கிறான். இது வேறு மாதிரி இருந்தது.

அறிவு இருந்தபோது, மலேரியா மருந்து ஆராய்ச்சி ஒன்றுக்குத் தன் கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டிருந்தான். எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, இன்டர்நெட்டில் ஊர் ஊராக அனுப்புவார்கள். சும்மா கிடக்கும் நேரத்தில் மெஷின் அதைப் போட்டு முடித்து, கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காசு பணம் கிடையாது. உலகமே பார்க்கிற ஒரு பட்டியலில் பெயர் மட்டும் மேலே ஏறும்.

பையன் போன பிறகும் அந்தப் பெயர் கொஞ்ச நாள் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ரமாபாய், மகன் பெயரின் எழுத்துகளை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு தினமும் தேடிப் பார்த்தாள்.

இப்போது இரண்டு மாதமாகப் போகிறது, எல்லாக் கணக்கும் எரர். தேதி பின்னால் இருப்பதால், இன்னும் நாள் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு முடித்த கணக்கை அனுப்பாமலே வைத்திருக்கிறது மெஷின். அங்கே கெடு தாண்டிப் போகிறது. இரண்டு மாதம் முழுக்க ஒன்றுகூடத் தேறாத பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கு இன்னும் நாலே நாள்தான் இருந்தது.

"அந்தப் பேரும் போச்சுன்னா எனுக்கு இன்னா கீது?" என்றாள் ரமாபாய்.

"எப்டியாச்சும் காப்பாத்திக் குடு நைனா. ரொம்ப பேஜாரா கீது," என்றார் அவள் புருஷன் பீம்ராவ். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை அவருக்கு. மூன்று தடவையும் கடைக்கு நடந்தே வந்து லியோனார்டை அழைத்து வந்தவர் அவர்தான்.

"வேற யாராச்சும் மெஷினத் தொட்டீங்களாக்கா?"

"யாரு தொடுவா? எனுக்கு அந்தப் பேரப் பாக்கத்தான் தெரியும். இவரு அந்தாண்ட போறதே இல்ல. நான் மூணு நாளா மாதவரத்துல தங்கச்சி வூட்ல இருந்தேன். இவரு வேலைக்குப் போயிட்டா வூடு பூட்டித்தான் கெடக்கும்."

பூட்டிய வீடு என்றதும் லியோனார்ட் தன்னையறியாமல் அறிவின் படத்தைப் பார்த்தான். பயத்தை மறைக்க எதையாவது பேச வேண்டியிருந்தது. "காலேஜ் புள்ள அன்னிக்கு யார்டுக்கு ஏன்க்கா போனான்?"

"அன்னிக்கும் நான் தங்கச்சி வூட்லதான். லீவாச்சே, கன்டெய்னர் எறக்கறதப் பாக்கணும்னு அவனா ஆசப்பட்டுப் போனானாம். இவருதான் சொன்னாரு. சங்கிலி அறுந்து..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பீம்ராவ் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. ரமாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு குடங்களோடு ஓடினாள்.

லியோனார்ட் தேதியைச் சரி செய்ய மவுஸைப் பிடித்தான். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. பார்த்தால் கறுப்புக் கிரீஸ். போன வாரம்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தான். மெல்லத் திரும்பிப் பீம்ராவின் நகக் கண்களைப் பார்த்தான்.

பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. "அண்ணாத்தே... நீயா?"

பீம்ராவ் மறுக்கவில்லை. "மூலையில ரெண்டு தட்டு தட்டுனா தேதி வரும்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். எனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். டெய்லி காலீல பன்னெண்டு காட்டும். பதினொண்ணுல திருப்பி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னக் கூட்டினு வந்த?"

"அவ அயுவுறாளே நைனா."

லியோனார்ட் மவுஸை விட்டு எழுந்தான். இத்தனை வயதானவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அவர் தோளில் கை வைத்தான்.

"தேதிய மாத்துனா போன உசுரு வருமா? பன்னெண்டாந்தேதி அவனாப் போனான், இப்டி ஆயிப்போச்சு. இதுல உன் தப்பு இன்னா கீது?"

பீம்ராவ் வாசலை எட்டிப் பார்த்தார். ரமாபாய் லாரியருகே வரிசையில் நின்றிருந்தாள்.

"கேட்டுல மூஞ்சியப் பாக்க மாட்டாங்கோ. என் டோக்கன யாரு காட்டுனாலும் உள்ள வுட்ருவாங்கோ," என்றார். சட்டைப் பையில் இருந்த டோக்கனைத் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பன்னெண்டாந்தேதி ஷிப்டு என்னுது நைனா."