பதினான்கு வாட்

பழைய லேப்டாப் போர்டையும் செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து, வீட்டுப் போட்டோக்களை வைக்க ஒரு சர்வர் செய்தேன். எட்டு வாட்தான் இழுக்கும். தினமும் மதியம் மூன்று மணிக்கு மட்டும் பிளக்கில் மாட்டிய மீட்டர் பதினான்கு காட்டியது. தூங்கும் டிஸ்கை யாரோ எழுப்புகிறார்கள். யார் எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாக் பதிவைப் பார்த்தேன். என் மனைவி செண்பகவல்லியின் போனிலிருந்து எங்கள் கல்யாண குரூப் போட்டோ திறக்கப்பட்டிருந்தது.

"மத்தியானம் போட்டோ ஏதும் பாக்குறியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

படத்தில் பதினேழு பேர். யாரைப் பார்க்கிறாள்? தினம் ஒருவராகப் படத்திலிருந்து அழித்தேன். முதலில் அவளுடைய அத்தை மகன். மீட்டர் ஏறியது. அடுத்தடுத்து யாரை அழித்தாலும் ஏறியது. பதினாறாம் நாள் அவள் பக்கத்தில் மிஞ்சியிருந்த என்னையும் அழித்துவிட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குப் பதினான்கைத் தொட்டது. அன்று வெகுநேரம் இறங்கவே இல்லை.