முட்டி வலி

மூன்று மாடி. இரண்டு கையிலும் காய்கறிப் பை. நடுவில் ஓர் இடத்தில்கூட நிற்காமல் விறுவிறுவென்று ஏறிப் போய்க்கொண்டிருந்தார் டைப்பிஸ்ட் அம்மா.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் டிரைவர்.

இந்த அம்மாவைத்தான் பதினொரு மாதமாக, ஞாயிறு தவறாமல், கையைப் பிடித்துப் படி இறக்கி, தன் காரில் பூசைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துவிட்டதாம். ஒரு மாடி இறங்குவதற்குள் நாலு தடவை "அப்பாடா" வேறு.

போன வாரம் அம்மா காரில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கத்தான் புதன்கிழமையே டிரைவர் வந்திருந்தார். கொடுக்கவில்லை. நேரே கோயிலுக்கு வண்டியை விட்டார்.

ஃபாதர் தன் அறையில் ஞாயிறு அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஏமாத்திட்டாங்க ஃபாதர்!"

"யாரு?"

"உங்க மூணாவது மாடி அம்மாதான். முட்டி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓட்டப்பந்தயம் வெச்சா என்னை முந்திடுவாங்க. பூசை எட்டரைக்கு. என்னை ஏழு மணிக்கே வரச் சொல்வாங்க. பல்பை மாத்து, ஜன்னல் கொக்கியை மாட்டுன்னு வேலை வாங்குவாங்க. அப்புறம் காபியைக் கையில கொடுத்து உட்காரவெச்சு ஆயிரம் கேள்வி."

"என்ன கேள்வி?"

"எல்லாம் என் வீட்டுக்காரியைப் பத்தித்தான். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவா, கோபம் வந்தா பேசாம இருப்பாளா கத்துவாளா, பாட்டுக் குழுவுல எந்தப் பக்கம் நிப்பா..."

சொல்லச் சொல்லவே குரல் இறங்கிவிட்டது.

மனைவி போன பிறகு எல்லோரும் அவருக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். 'ஆண்டவர் சித்தம்', 'மனசைத் தேத்திக்குங்க'. அவளைப் பற்றிய பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் மனுஷன் உடைந்துவிடுவாரோ என்று பயம். அவருக்கோ, அவளைப் பற்றி ஒரு வார்த்தை யாரோடாவது பேசமாட்டோமா என்று இருந்தது. கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். பாட்டுக் குழுவில் அவள் நின்ற இடத்தில் இன்னொருத்தி நின்று பாடுவாள். அதை எப்படிப் பார்ப்பது? யாராவது கதவைத் தட்டினால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆளில்லாத மாதிரி இருந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபாதர் போனில் பிடித்தார். 'வயசான அம்மா ஒருத்தங்க படி இறங்க முடியாம இருக்காங்க. பூசைக்குக் கூட்டிட்டு வர ஆளில்ல. நீங்கதான் உதவணும்.' முடியாது என்று எப்படிச் சொல்வது?

"நம்ம கோயில் பங்குல நிஜமாவே முடியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க ஃபாதர்! அவங்கள்ல ஒருத்தருக்குச் செஞ்சிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்."

ஃபாதர் பேனாவை மூடிவைத்தார். அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். பக்கத்தின் தலையில், 'வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள்' என்று எழுதியிருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் என்று வரிசையாக விவரங்கள். ஃபாதர் நாலாவது வரியில் விரலை வைத்தார்.

'ரிடையர்டு பஸ் டிரைவர். மனைவி இறந்து மூன்று மாதம். கதவைத் திறப்பதில்லை. பொறுப்பு: டைப்பிஸ்ட் அம்மா.'

டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"நாலு தடவை உங்க வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்காங்க" என்றார் ஃபாதர். "அப்புறம் எங்கிட்ட வந்து, 'நாம போய்க் கூப்பிட்டா அவர் வரமாட்டார் ஃபாதர். பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஆள் மாதிரி நான் அவருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லுங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஆளை விட்டுட்டுப் போகமாட்டார்'னாங்க. முட்டி வலி அவங்க யோசனை. போன் பண்ணது மட்டும்தான் நான். அந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பும் கேட்டாச்சு."

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிறு காலை சரியாக ஏழு மணிக்கு மூன்றாவது மாடியில் மணி அடித்தார். கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. காபி குடித்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"முட்டி இன்னிக்கு ரொம்பப் படுத்துது தம்பி" என்று கையை நீட்டினார் அம்மா.

"மெதுவா வாங்கம்மா. அவசரமே இல்ல."

நாலு படி இறங்கியதும் டிரைவருக்குச் சுருக்கென்றது. தன் மனைவி காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவாள் என்பதுவரை இந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனால் இவர், அம்மாவைப் பற்றி இந்தப் பதினொரு மாதத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாரா? கூடத்துச் சுவரில் பள்ளிச் சீருடையோடு சிரிக்கிற ஒரு சிறுமியின் படம் இருக்கிறது; வாராவாரம் அதற்கு நேர் எதிரேதான் உட்காருகிறார்.

"அம்மா... கூடத்துல இருக்கற படம், அது யாரு?"

அம்மா நின்றுவிட்டார்.

"என் பொண்ணு தம்பி. இருந்தா வர்ற மாசம் நாப்பத்தெட்டு வயசு." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அவளை யாருன்னு ஒருத்தர் கேட்டே ரொம்ப வருஷமாச்சு."

"எப்படி இருப்பா? வாயாடியா, அமைதியா?"

"ஐயோ, வாயாடின்னா அப்படியொரு..."

அடுத்த படியில் காலை வைத்த அம்மா தடுமாறினார். பதினொரு மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக, டிரைவரின் கையை நிஜமாகவே பிடித்துக்கொண்டார்.