பாகு பூசிய மாப்பிள்ளை

“மாப்பிள்ளை அழுறானாடா? கண்ணாடியில நல்லா பாத்துச் சொல்லு.”

மினி லாரியை ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் சாண்டி, பின்னால் தெரியும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான்.

“அழுறதா? வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றான்.”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட டங்கனுக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பிடித்து, தலையோடு கால் வெல்லப்பாகை ஊற்றி, மாவைக் கொட்டி, கோழி இறகைத் தூவி, லாரியில் ஏற்றி பப் பப்பாகச் சுற்றுவது அபர்தீன் ஊர் வழக்கம். இதைத் தாங்குகிறவன் குடும்பத்தையும் தாங்குவானாம். மற்றவர்கள் விளையாட்டுக்குச் செய்வார்கள். டங்கன் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அப்பா இல்லாத வீடு. சனிக்கிழமை தேவாலயத்தில் தங்கை மோராக்கின் கையைப் பிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டியவன் அவன்தான். அவளோ யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் லூயிஸ் தீவுக்காரன் ஒருவனை முடிவு செய்துவிட்டாள். நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் டங்கன், அந்த நார்மனைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான். போட்டோவில் தாடிதான் இருந்தது, ஆள் தெரியவில்லை.

நேற்று கரையிறங்கியதும் தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டான். “நாளைக்கு அவனைப் பாகுல முக்கப்போறேன். ஓடினான்னா, கண்ணைக் கசக்கினான்னா, என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதே.”

“ஒன்பது மணிக்குத் துறைமுக முனைக்கு அனுப்பி வைக்கிறேன். மஞ்சள் மழைக்கோட்டு, சிவப்புத் தாடி. அதிகம் பேச மாட்டாரு. நீயே பாத்துக்கோண்ணா” என்றாள் மோராக்.

ஒன்பது மணிக்கு மஞ்சள் மழைக்கோட்டும் சிவப்புத் தாடியுமாக ஆள் நின்றுகொண்டிருந்தான். “எங்களுக்காகத்தானே நிக்கிறே?” என்று சாண்டி கேட்டதற்குத் தலையாட்டினான். முதல் வாளிப் பாகு தலையில் இறங்கியபோது கொஞ்சம் யோசித்தான். இரண்டாவது வாளிக்குத் தானே குனிந்துகொடுத்தான்.

“பயமே இல்லையாடா இவனுக்கு?” என்றான் டங்கன்.

“தீவுல வேற பொழுதுபோக்கு ஏது?”

முதல் பப் ‘கண்ணில்லாக் குதிரை’. அந்தக் கோலத்தில் உள்ளே விட மாட்டார்கள். முதலாளியே ஒரு பெரிய கிளாஸ் பீரை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு “நல்லது” என்றான். ‘மூன்று நங்கூரம்’ வாசலில் இரண்டு கிழவிகள் அழுகிய முட்டை எறிந்தார்கள். அவர்களுக்கும் ஒரு “நல்லது” கிடைத்தது. கருங்கல் கட்டடங்கள் இருக்கும் பெரிய தெருவில் போகும்போது வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தபடி வந்தான்.

“ரெண்டு மாடிக்கு மேல பாத்திருக்க மாட்டான், பாவம்” என்றான் சாண்டி.

கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்கச் சொன்னார்கள். வட கடலின் குளிர் உள்ளூர்க்காரனையே பல்லைக் கடிக்க வைக்கும். இவன் மார்பளவுக்குப் போய் நின்றுகொண்டு, கரையிலிருந்த இவர்களையும் வரச்சொல்லிக் கையாட்டினான்.

துறைமுக வாயில் பக்கம் வந்தபோது மாப்பிள்ளை லாரியின் கூரையைத் தட்டினான். சரி, பொறுமை போய்விட்டது என்று டங்கன் ஆவலோடு இறங்கினான். மாப்பிள்ளை கடலைக் காட்டிக்கொண்டிருந்தான். நாலைந்து டால்ஃபின்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் டங்கன் நின்று பார்த்ததில்லை. இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பிறகு டங்கன் இவ்வளவு நேரம் யாரோடும் சும்மா நின்றதில்லை. அவனுக்கு மனசு இளகிவிட்டது.

ஐந்தாவது பப் வாசலில் மாப்பிள்ளை அவன் தோளில் கைபோட்டான். இறகெல்லாம் டங்கனின் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது. டங்கன் கையைத் தட்டிவிடவில்லை.

“என் தங்கச்சியைக் கண் கலங்காம வெச்சுக்குவியா?”

மாப்பிள்ளை அவன் முகத்தையே பார்த்தான். பிறகு நெஞ்சில் கைவைத்து, மெதுவாக, மிக மரியாதையாகத் தலையாட்டினான்.

“அது போதும்டா” என்றான் டங்கன். அங்கேயே நின்று தங்கைக்கு போன் போட்டான்.

“மோராக், சனிக்கிழமை நான்தான் உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். அப்பா மேல சத்தியம். இந்த மாதிரி ஒரு மனுஷனை நான் தேடினாக்கூட உனக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் மோராக் விசும்பினாள்.

“நெஜமாவாண்ணா? நாங்க என்னென்னமோ நெனச்சுட்டோம். ஒன்பதே காலுக்குத் துறைமுக முனைக்கு வந்தவரு மத்தியானம் வரைக்கும் மழையில நின்னிருக்காரு. உனக்குப் பிடிக்கலைபோல, அதான் வரலைன்னு இப்பத்தான் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்காரு. இரு, அவர்கிட்டயே குடுக்கிறேன்.”

“மச்சான்...” என்றது போனில் ஒரு தயங்கிய குரல்.

டங்கன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே மெல்லத் திரும்பினான். இறகு மனிதன் உள்பையிலிருந்து ஈரமான சுற்றுலாத் தாள் ஒன்றை எடுத்து விரித்தான். சொற்களைத் தேடித்தேடிப் பேசினான்.

“இதில், ஒன்பது மணி, துறைமுக முனை, மதுக்கடைகள், காட்சிகள் என்று மட்டும் இருந்தது. பாகு பற்றிச் சொல்லவில்லை. மிக நல்லது. எங்கள் கப்பல் நாளை மாலைதான் நார்வே புறப்படும். காலையில், என் மனைவியும் வரலாமா?”